பாலியஸ்டரா, ரேயானா, ஜரிகையா: எம்பிராய்டரி மெஷினுக்கு எந்த நூல்?

கடையில் நூல் வாங்கும்போது பெரும்பாலோர் கண்டை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். எது அதிகம் மின்னுகிறதோ அது கூடைக்குள் போகும். அந்தப் போட்டியில் ரேயான் ஜெயிக்கும், ஜரிகை அதையும் தாண்டும். ஆறு மாதம் கழித்து, பிள்ளையின் பள்ளிச் சட்டையில் சின்னம் வெளிறி நிற்கும்போதுதான், கடையில் யோசித்திருக்க வேண்டியது வேறு என்று புரியும். இந்தத் துணியை யார் துவைக்கப் போகிறார்கள், எதைப் போட்டு, எத்தனை தடவை?

வாசகர்கள் அடிக்கடி கேட்பது மூன்று வகை வேலைகளைப் பற்றி. தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் பட்டு பிளவுஸ், பள்ளிக்கூட, கடை, அலுவலகச் சட்டைகளில் சின்னமும் பெயரும், பிறகு கோயிலுக்கான வஸ்திரமும் பதாகையும். மூன்றுக்கும் ஒரே நூலை ஓட்டுவதுதான் வழக்கமான தவறு. வீட்டில் வைத்திருக்கும் ஒற்றை ஊசி மெஷினுக்கும் சின்னக் கடையில் ஓடும் ஆறு ஊசி, பத்து ஊசி மெஷினுக்கும் பொருந்தும்படி இந்த ஒப்பீடு.

எதை வைத்து முடிவெடுப்பது

பளபளப்பைக் கடைசியில் வையுங்கள். முதலில் துவைப்பு: கையலசலா, வாஷிங் மெஷினா, டிரை கிளீனிங்கா, குளோரின் பிளீச் படுமா? அதோடு சேர்த்து, காய்வது எங்கே? சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் தொங்கும் துணிக்கு மதிய வெயில் நேராக அடிக்கும். அலமாரியில் மடித்துக் கிடக்கும் பட்டுக்கு அந்தக் கவலை இல்லை, ஈரத்தின் கவலை உண்டு.

அடுத்தது துணி. கெட்டியான டிரில், டெனிம், துண்டுத் துணி எல்லாம் எந்த நூலையும் தாங்கும். ஜார்ஜெட், கிரேப், மெல்லிய பட்டு தாங்காது, சுருங்கும்.

மூன்றாவது, வடிவத்தில் மிகச் சிறிய பகுதி எவ்வளவு? தமிழ் எழுத்து இருந்தால் இது முதலிடத்துக்கு வந்துவிடும், காரணம் கீழே.

கடைசியாகச் செலவு. கண்டின் விலையைச் சொல்லவில்லை. ஒரு உருப்படி தைத்து முடிக்க ஆகும் மொத்தச் செலவு: நூல், நேரம், அறுந்த நூலை மறுபடி கோத்தது, கெட்டுப்போன துணி.

லேபிளில் உள்ள எண்கள்

எம்பிராய்டரி நூலில் எண் ஏற ஏற நூல் மெலியும். 40 என்பது வழக்கமான கனம், 60 மெலிது, 30 தடிமன். 40 எண் நூல் ஒரு கிராம் ஏறத்தாழ 40 மீட்டர் வரும். தொழிற்சாலைக் கணக்கில் இதையே 120 டெனியர் (9000 மீட்டர் இழையின் எடை, கிராமில்) இரண்டு இழை என்று எழுதியிருப்பார்கள். 60 எண் என்றால் 75 டெனியர் இரண்டு இழை.

தையற்காரர்கள் சட்டை தைக்கும் நூலிலும் 40 என்று போட்டிருக்கும். அது வேறு கணக்கு. கனம் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் அது குட்டை இழைகளை முறுக்கிச் செய்த நூல். பளபளப்பு வராது, பிசிர் கொட்டும், ஒரு பெரிய டிசைன் முடிவதற்குள் அடிநூல் இருக்கும் பாபின் பெட்டிக்குள் பஞ்சு அடைத்துக்கொள்ளும். அவசரத்துக்கு ஒரு நிறம் கிடைக்கவில்லையென்று அதை ஓட்டுகிறவர்கள் உண்டு. ஓட்டினால் அந்த நிறம் மட்டும் செத்துப்போய்த் தெரியும்.

ஒரே பார்வையில்

| | பாலியஸ்டர் 40 | ரேயான் 40 | பாலியஸ்டர் 60 | ஜரிகை நூல் | பருத்தி 30 |
|---|---|---|---|---|---|
| வாஷிங் மெஷின் | தாங்கும் | மென்மையாகத் துவைத்தால் சரி | தாங்கும் | கையலசல் நல்லது | தாங்கும் |
| குளோரின் பிளீச் | பெரும்பாலும் தாங்கும் | கூடாது | பெரும்பாலும் தாங்கும் | கூடாது | கூடாது |
| ஊசி | 75/11 | 75/11 | 65/9 | 90/14, பெரிய கண் | 90/14 |
| நிமிடத்துக்குத் தையல் | 700–800 | 600–700 | 600 | 350–500 | 600 |
| ஃபில் வரிசை இடைவெளி | 0.4 மி.மீ. | 0.4 மி.மீ. | 0.3 மி.மீ. | 0.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் | 0.5 மி.மீ. |
| எங்கே சிறக்கும் | சீருடை, துண்டு, தொப்பி, பை | பட்டு பிளவுஸ், வெல்வெட், சுவர்த்துணி | சிறு எழுத்து, நுண்கோடு | ஓரம், புட்டா, மயில் கண் | மங்கலான கைவேலைத் தோற்றம் |

ஃபில் என்பது வடிவத்தின் உள்பகுதியை வரிசை வரிசையாக நிரப்பும் தையல். ஊசியின் எண் ஏற ஏற ஊசி தடிக்கும். வேகம் வீட்டு மெஷினுக்கும் சின்னக் கடை மெஷினுக்கும் சொன்னது. உங்கள் மெஷினின் உச்சவேகம் 650 என்றால் அந்த வரியை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பாலியஸ்டர் 40

எம்பிராய்டரிக்கென்று வரும் பாலியஸ்டர் இழையை நுண்ணோக்கியில் குறுக்காகப் பார்த்தால் மூன்று இதழ் பூ மாதிரி இருக்கும். அந்த இதழ்களின் பக்கங்கள் ஒளியைத் திருப்பி அடிப்பதால்தான் மினுமினுப்பு. மடெய்ராவின் பாலிநியான், இசாகார்ட் போன்றவை இந்த வகை. நல்ல தயாரிப்பு 95 டிகிரி வெந்நீர் துவைப்பையும் தாங்கும். உணவகச் சமையல் அங்கி, தாதியர் உடை, ஹோட்டல் துண்டு என்று வெளியே சலவைக்குப் போகிற எதற்கும் இதைத் தவிர வேறு யோசனை வேண்டாம். ஈரத்தை அது இழுப்பதேயில்லை என்று சொல்லலாம், தன் எடையில் 0.4 விழுக்காடு அளவுதான். சாயமும் வெயிலில் ரேயானைவிட நின்று பிடிக்கும். நியான் நிறங்கள் மட்டும் விலக்கு. அந்தச் சாயம் எந்த இழையில் ஏறினாலும் வெயிலில் சீக்கிரம் போய்விடும். மூங்கில் கழியில் காயும் விளையாட்டுச் சட்டைக்கு நியான் மஞ்சள் கேட்கிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது உத்தமம்.

குறை எங்கே என்றால், இது இழுபடும். நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே இழுபட்டபடியே துணிக்குள் போய் இறங்குகிறது. துணியை இறுக்கிப் பிடிக்கும் ஹூப் வளையத்தைக் கழற்றியதும் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. டிரில் துணி அதை எதிர்த்து நிற்கும். ஜார்ஜெட் நிற்காது, பூவைச் சுற்றி வெயில் கதிர் மாதிரி சுருக்கம் விழும். ஹூப்பில் இருக்கும்போது எல்லாம் சரியாகத் தெரிவதால், கழற்றிய பிறகுதான் ஏமாற்றம். தீர்வை ஒவ்வொன்றாக முயலுங்கள்: மேல் டென்ஷன் எண்ணை ஒன்று குறைப்பது, துணிக்கு அடியில் தாங்கலாக வைக்கும் ஸ்டெபிலைசரில் கிழித்தெடுக்கும் வகைக்குப் பதிலாக வெட்டியெடுக்கும் வகை, ஃபில் இடைவெளியை 0.4 இலிருந்து 0.45 ஆக்குவது, வேகத்தை 600க்கு இறக்குவது. நான்கும் போதவில்லை என்றால் அந்தத் துணிக்கு நூல் தப்பு. ரேயானுக்கு மாறுங்கள்.

டென்ஷன் சரிதானா என்று அறிய 25 மி.மீ. நீளம், 6 மி.மீ. அகலத்தில் ஒரு சாட்டின் பட்டை (ஓரத்துக்கு ஓரம் நெருக்கமாகப் போய்வரும் தையல்) தைத்து, திருப்பிப் பாருங்கள். நடு மூன்றில் ஒரு பங்கு வெள்ளைப் பாபின் நூலாகவும், இரு ஓரமும் மேல்நூல் நிறமாகவும் இருக்க வேண்டும். வெள்ளையே தெரியவில்லை என்றால் மேல் டென்ஷன் தளர்ந்திருக்கிறது. முழுக்க வெள்ளை என்றால் இறுக்கம். நூல் வகையை மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்தப் பட்டையைத் தைப்பது இரண்டு நிமிட வேலை. இதைத் தவிர்த்துவிட்டு மெஷின்மேல் பழி போடுகிறவர்கள்தான் அதிகம்.

மறைந்திருக்கும் செலவு, இணையத்தில் மலிவாக வரும் நாற்பது நிற, அறுபது நிறப் பெட்டிகள். பழகுவதற்குத் தாராளமாகப் போதும். ஆனால் பிரபலமான வெள்ளையும் கறுப்பும் ஒரு மாதத்தில் தீர, சாம்பல் கலந்த பச்சை வகைகள் பத்து வருஷம் பெட்டியிலேயே கிடக்கும். தீர்ந்த நிறத்தை மட்டும் தனியாக வாங்கவும் முடியாது. மீட்டர் கணக்கிலும் ஏமாற்று நடக்கும். சமையலறைத் தராசில் பிடித்துவிடலாம்: 40 எண் நூல் 1000 மீட்டர் சுமார் 27 கிராம், 5000 மீட்டர் சுமார் 133 கிராம். காலிக் கோனின் எடையைக் கழித்துவிட்டுப் பாருங்கள். 5000 என்று எழுதிய கோனில் நூல் மட்டும் 95 கிராம்தான் என்றால் உள்ளே இருப்பது ஏறக்குறைய 3600 மீட்டர், அல்லது சொன்னதைவிட மெலிந்த நூல்.

ரேயான் 40

மரக்கூழிலிருந்து வருவது ரேயான். விஸ்கோஸ் என்றும் லேபிளில் இருக்கும். இந்த முறைக்கு இங்கிலாந்தில் 1892இல் காப்புரிமை வாங்கினார்கள், பட்டுக்கு மாற்றுத் தேடியதன் விளைவு. அதனால்தானோ என்னவோ, பட்டின் மேல் அதைவிடப் பொருத்தமாக உட்காரும் நூல் இன்றைக்கும் இல்லை. மடெய்ரா கிளாசிக், சல்கி, ராபிசன்-ஆன்டன் ஆகியவற்றில் ரேயான் 40 வரிசை உண்டு.

பாலியஸ்டர் பளபளப்பில் ஒரு கண்ணாடித்தனம் இருக்கும், ரேயானில் எண்ணெய் தேய்த்த தலைமுடியின் மினுக்கு. காஞ்சிபுரம் பிளவுஸின் பின்கழுத்தில் ஒரு தாமரையை இரண்டு நூலிலும் தைத்துப் பக்கத்தில் வைத்தால் தூரத்திலிருந்தே வேறுபாடு தெரியும். ரேயான் துணியோடு படிந்து கிடக்கும். பாலியஸ்டர் இதழ் கொஞ்சம் மேலெழும்பி, தனியாக ஒட்டவைத்ததுபோல் நிற்கும். ரேயான் இழுபடுவது குறைவு என்பதால் மெல்லிய துணியில் சுருக்கமும் குறைவு. மென்மையான நூல், அதனால் தோலை உரசாது. பிளவுஸின் உள்பக்கத்துக்கு லைனிங் போடாதவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

இனி கெட்ட செய்தி. நனைந்தால் ரேயானின் வலு பாதி வரை இறங்கிவிடும். வாஷிங் மெஷினுக்குள் ஜிப், ஹூக் பட்டு இழுத்தால் நனைந்த நிலையில்தான் அறும். பிளீச் பட்டால் நிறம் போகும். சிவப்பு, கருநீலம், மெரூன் சாயங்கள் வெள்ளைத் துணியில் இறங்கும் அபாயமும் உண்டு. ஆகஸ்ட் மாதத்துத் தேசிய தினச் சிவப்பு-வெள்ளைச் சட்டைகளில் ரேயான் வேண்டவே வேண்டாம். கட்டாயம் போட்டே ஆகவேண்டும் என்றால் ஒரு முழம் நூலை நனைத்து, மடித்த வெள்ளைத் துணிக்குள் வைத்து, சூடான இஸ்திரியால் பத்து விநாடி அழுத்துங்கள். துணியில் கோடு விழுந்தால் அந்தக் கண்டைத் தள்ளிவையுங்கள்.

சிங்கப்பூரில் ரேயானுக்கு இன்னொரு எதிரி காற்று. இங்கே ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். ரேயான் வழக்கமான அறைச் சூழலிலேயே தன் எடையில் 11 முதல் 13 விழுக்காடு ஈரத்தைப் பிடித்துவைக்கும் இழை. மழைநாளில் திறந்த அலமாரியில் கிடந்த கண்டை எடுத்து ஓட்டினால் நூல் வீங்கி, டென்ஷன் தட்டில் இழுத்துப் பிடிக்கும், நேற்று சரியாக இருந்த எண் இன்றைக்கு அறுக்கும். அப்போது மெஷினைத் திருகாதீர்கள். கண்டை ஏர்கான் அறையில் சில மணி நேரம் வைத்து, பிறகு முயலுங்கள். மாறாக, நாள்முழுக்க ஏர்கான் காற்று நேராக அடிக்கும் இடத்தில் வைத்தால் காய்ந்து நொறுங்கும். மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பா, உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம், ஜன்னல் வெளிச்சம் படாத இடம், இவ்வளவு போதும். கேமராவுக்கு வாங்கிய உலர்பெட்டியில் இடமிருந்தால் 50 விழுக்காட்டில் வைத்து அங்கேயும் போடலாம். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால் போன வருஷத்துக் கண்டுகளை எடுக்கும்போது, 30 செ.மீ. நூலை இரு கையால் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். சுலபமாக, எதிர்ப்பே இல்லாமல் அறுந்தால் அந்தக் கண்டின் மேல் சில மீட்டரை உருவி எறிந்துவிட்டு மறுபடி இழுங்கள். அப்போதும் அதே கதை என்றால் குப்பைக்குத்தான்.

லேபிள் போன கண்டு ரேயானா பாலியஸ்டரா என்ற சந்தேகம் வந்தால், சிறு துண்டை இடுக்கியில் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் கொளுத்துங்கள். காகிதம் எரியும் வாடையும் பொடிச் சாம்பலும் வந்தால் ரேயான். உருகிச் சுருண்டு, ஆறியதும் கடினமான மணியாக நின்றால் பாலியஸ்டர்.

60 எண் நூல்: தமிழ் எழுத்து தைப்பவர்கள் மறக்கும் நூல்

ஆங்கிலப் பெரிய எழுத்து 5 மி.மீ. உயரத்தில் 40 எண் நூலால் ஓரளவு படிக்கும்படி வந்துவிடும். அந்த அளவை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருவதில்தான் சிக்கல். ‘ண’ என்ற எழுத்தின் சுழியை எடுத்துக்கொள்ளுங்கள். 40 எண்ணில் ஒரு சாட்டின் கோட்டின் குறைந்தபட்ச அகலம் 1 மி.மீ. சுழியின் இரு பக்கக் கோடும் சேர்ந்து 2 மி.மீ. நடுவே துணி தெரிய இன்னும் 0.6 மி.மீ. ஆக, சுழி மட்டுமே 2.6 மி.மீ. வேண்டும். சுழி எழுத்து உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும் எழுத்துருவில், எழுத்து 8 மி.மீ. ஆனால்தான் சுழி திறந்து நிற்கும். 5 மி.மீ.இல் தைத்தால் சுழி அடைந்து, ண, ன இரண்டும் ஒரே உருண்டையாகிவிடும்.

60 எண்ணில் கோட்டை 0.7 மி.மீ. வரை ஒடுக்கலாம். சுழி 1.9 அல்லது 2 மி.மீ.இல் முடியும், எழுத்து 6 மி.மீ.இல் படிக்க வரும். பாக்கெட்டுக்கு மேல் பெயர் எழுத இந்த இரண்டு மி.மீ. வேறுபாடுதான் எல்லாம்.

புள்ளி இன்னொரு தலைவலி. ‘கார்த்திக்’ என்ற பெயரில் மூன்று புள்ளி. ஒவ்வொன்றுக்கும் ஊசி தாவிப் போய், முடிச்சுத் தையல் போட்டு, புள்ளி நிரப்பி, மறுபடி முடிச்சிட்டு, நூலை வெட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். 40 எண்ணில் 1.2 மி.மீ.க்குக் குறைந்த புள்ளி, முடிச்சின்மேல் முடிச்சாகிக் குமிழ்போல நிற்கும், ஊசி அங்கேயே சிக்கவும் கூடும். 60 எண்ணில் 0.9 மி.மீ. வரை போகலாம். எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவே குறைந்தது 0.8 மி.மீ. விடுங்கள், இல்லையென்றால் தாவல் நூலை வெட்டும்போது கத்திரி எழுத்தையும் கடித்துவிடும்.

60 எண்ணுக்கு மாறும்போது மூன்றை மாற்ற வேண்டும், ஒன்றை மறந்தாலும் பயனில்லை. ஊசி 65/9. பழைய 75/11 ஊசி போட்டால் துளை பெரிதாகி நூல் அதில் ஆடும். மேல் டென்ஷன் கொஞ்சம் தளர வேண்டும். டிசைன் அடர்த்தி 0.3 மி.மீ.க்கு இறுகியிருக்க வேண்டும். 40 எண்ணுக்கு டிஜிட்டைஸ் செய்த, அதாவது வடிவத்தை மெஷின் படிக்கும் தையல்களாக மாற்றிய, கோப்பை அப்படியே 60 எண்ணில் ஓட்டினால் வரிசைகளுக்கு நடுவே துணி பல் இளிக்கும். டிஜிட்டைஸ் செய்து தருகிறவரிடம் நூல் எண்ணை முதலிலேயே சொல்லுங்கள். பின்னால் திருத்தக் கேட்டால் அதற்கும் காசு.

இதன் மறைமுகச் செலவு நிற வரிசை. 60 எண்ணில் கடைகளில் கிடைக்கும் நிறங்கள் 40ஐவிடக் குறைவு. சின்னத்தை 40இலும் அடியில் உள்ள பெயரை 60இலும் தைக்கும்போது ஒரே ‘கருநீலம்’ இரண்டு கருநீலமாகத் தெரியலாம். ஒரே தயாரிப்பாளரின் இரண்டு கனங்களை வாங்கினால் இது குறையும்.

ஜரிகை நூல்

இரண்டைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பட்டுச் சேலையில் ஓடும் அசல் ஜரிகை, பட்டு இழைமேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. சூரத் அதற்குப் பேர்போன ஊர். அதை எம்பிராய்டரி மெஷின் ஊசியில் கோத்தால் சில அங்குலம்கூட ஓடாது. ஊசிக் கண்ணில் நூல் முன்னும் பின்னுமாகப் பலமுறை உரசித்தான் ஒரு தையல் விழுகிறது, கம்பி அதற்குள் உரிந்துவிடும். ஆரி ஊசியால் கையில் தைப்பதே அதற்கு வழி. மெஷினில்தான் வேண்டுமென்றால் பாபினில் சுற்றி, துணியைக் கவிழ்த்து, டிசைனைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பித் தைக்கலாம். அதற்கென்று திருகைத் தளர்த்திய தனிப் பாபின் பெட்டி ஒன்று வேண்டும், அன்றாடம் ஓடும் பெட்டியைத் தளர்த்திவிட்டால் பிறகு பழைய இறுக்கத்துக்குக் கொண்டுவருவது பெரும்பாடு.

மெஷினுக்கென்று விற்கும் ஜரிகை நூல், பாலியஸ்டர் அல்லது நைலான் நடு இழைமேல் உலோகப் பூச்சுள்ள மெல்லிய தாளைச் சுற்றியது. அது அறுகிற விதமே தனி. முதலில் தாள் ஊசிக் கண்ணில் கிழிந்து, ஊசிக்கு மேலே சின்னப் பொன் சுருளாகச் சேரும். நடு இழை மட்டும் தையலில் போய்க்கொண்டிருக்கும், அதனால் நூல் அறுந்ததாக மெஷினுக்குத் தெரியாது. நாலைந்து தையலுக்குப் பிறகுதான் அறும். அந்தச் சுருளைக் கண்டதும் நிறுத்துங்கள்.

ஊசி 90/14, நீளக் கண் உள்ளது. வேகம் 400. மேல் டென்ஷன் வழக்கத்தைவிட இரண்டு எண் கீழே. தையல் நீளம் 2 மி.மீ.க்குக் குறையக் கூடாது. கண்டை மெஷின் தலையிலிருந்து எடுத்து, பின்னால் ஓரடி, இரண்டடி தள்ளி ஒரு நூல் தாங்கியில் வையுங்கள், முறுக்கு அவிழ்வதற்கு அந்தத் தூரம் உதவும். சுற்றாமல் தட்டையான தாளாகவே வரும் வகையென்றால் கண்டு தானே உருளும்படி வைக்க வேண்டும். மேலிருந்து உருவினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறி அறும். வாங்கி வந்த வடிவம் முழுக்க ஜரிகையாக இருந்தால், கீழே பொன்மஞ்சள் பாலியஸ்டரில் ஃபில் தைத்துவிட்டு அதன்மேல் 0.8 மி.மீ. இடைவெளியில் ஜரிகையை ஓட்டுங்கள். கண்ணுக்கு முழுப் பொன்னாகத் தெரியும், ஜரிகை பாதிதான் ஆகும், அறுபடுவதும் அதற்கேற்பக் குறையும். கோயில் பதாகையில் வேலும் மயிலும் போடுகிறவர்களுக்கு இந்த முறையைத்தான் சொல்வோம், ஏனென்றால் இரண்டு அடி வேலாயுதத்தை முழு ஜரிகையில் நிரப்புவது ஒரு நாள் பொறுமையைத் தின்றுவிடும்.

இஸ்திரி நேராகப் படக்கூடாது. துண்டின் மேல் கவிழ்த்து, பின்பக்கம், குறைந்த சூட்டில். வாசனைத் திரவியமும் வியர்வையும் உலோகப் பூச்சை மங்கச் செய்யும் என்பதால் அக்குள் பக்கமும் முன்கழுத்து ஓரமும் ஜரிகை வேண்டாம். அந்த இடங்களில் பழம்பொன் நிறப் பாலியஸ்டரில் சாட்டின் தையலைத் திசை மாற்றி மாற்றிப் போட்டாலே போதிய மினுக்கு வரும்.

பருத்தி, பாபின் நூல்: சுருக்கமாக

பருத்திக்கு மினுக்கு கிடையாது, அதற்காகத்தான் அதை வாங்குவார்கள். லினன் மேசை விரிப்பு, குழந்தைப் போர்வை, கையால் தைத்ததுபோல் தெரிய வேண்டிய பூ. பிசிர் கொட்டும். ஒவ்வொரு டிசைன் முடிந்ததும் பாபின் பெட்டியைத் தூரிகையால் துடைக்காவிட்டால் அடுத்த வேலையில் அடியில் நூல் கூடு கட்டும்.

பாபினுக்கு மேல்நூலையே சுற்றுவது வீண். அடிப்பக்கம் தடிக்கும், மேல்பக்கம் இழுக்கும். மெல்லிய பாலியஸ்டர் பாபின் நூல் 60 எண்ணிலும் 90 எண்ணிலும் வருகிறது. உங்கள் மெஷின் எதற்கு அமைக்கப்பட்டது என்று கையேட்டில் இருக்கும், அதை மாற்றினால் மேற்புறம் வெள்ளைப் புள்ளிகள் எட்டிப்பார்க்கும். கறுப்புத் துணிக்குக் கறுப்புப் பாபின் ஒரு கண்டு வைத்துக்கொள்வது தப்பில்லை.

கண்டு விலையும் உருப்படி விலையும்

1000 தையலுக்கு மேல்நூல் ஏறத்தாழ 5 முதல் 6 மீட்டர் ஆகும், தையல் நீளத்தைப் பொறுத்துக் கூடும் குறையும். பாபின் நூல் அதில் மூன்றில் ஒரு பங்கு. 8000 தையல் உள்ள சட்டைச் சின்னத்துக்கு 45 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1000 மீட்டர் கோன் 22 சின்னம் தரும். கோன் ஒன்று 5 வெள்ளி, இன்னொன்று 9 வெள்ளி என்றே வைத்தாலும், ஒரு சின்னத்துக்கு நூல் செலவு 23 காசு, 41 காசு. வித்தியாசம் 18 காசு.

இப்போது மலிவு நூல் ஒரு சின்னத்தில் இரண்டு தடவை அறுகிறது என்று வையுங்கள். நிறுத்தி, கோத்து, பத்துப் பதினைந்து தையல் பின்னால் போய்த் தொடங்க ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம். 30 சட்டை ஆர்டரில் இரண்டு மணி நேரம் அப்படியே போகும். நடுவில் அறுந்த இடத்தில் ஒட்டுத் தெரிந்து ஒரு சட்டை பாழானால், மிச்சம் பிடித்த ஐந்து வெள்ளி நாற்பது காசு அந்த ஒரு சட்டைக்கே காணாது. ஒரே ஒரு பிளவுஸ் தைக்கிறவருக்கு இந்தக் கணக்கு தலைகீழ்: 40,000 தையல் உள்ள பின்கழுத்துக்கு 220 மீட்டர்தான். ஆறு நிறத்துக்கு ஆறு பெரிய கோன் வாங்குவதற்குப் பதில் 200 மீட்டர் சின்னக் கண்டுகள் போதும், மீட்டர் விலை அதிகமாக இருந்தாலும்.

இங்கே வாங்கும்போது

அரபு ஸ்திரீட், தேக்கா, சைனாடவுன் பக்கத்துக் கடைகளில் கண்டை நேரில் பார்த்து எடுக்கலாம் என்பதுதான் முதல் லாபம். துணியின் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோங்கள். கண்டின் மேல் பார்க்கும் நிறம் கனமாகத் தெரியும். ஒரு முழம் உருவித் துணிமேல் போட்டு, கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடைக்குள் ஒரே பச்சையாகத் தெரிந்த இரண்டு, வாசலில் கிளிப்பச்சையும் மாம்பச்சையுமாகப் பிரியும்.

வெளிநாட்டுத் தளத்தில் மலிவாகத் தெரிந்தால் அனுப்பும் கூலியோடு பொருள் சேவை வரியையும் சேருங்கள். 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும், பதிவுசெய்த வெளிநாட்டு விற்பனையாளர் வழி வந்தால், 2023 ஜனவரியிலிருந்து வரி உண்டு. 2024 ஜனவரியிலிருந்து விகிதம் 9 விழுக்காடு. கணினித் திரையில் பார்த்து நிறம் தேர்ந்தெடுப்பதைவிட, அசல் நூல் ஒட்டிய நிற அட்டையை ஒருமுறை காசு போட்டு வாங்கிவிடுவது நல்லது. ஒரு தயாரிப்பாளரின் நிற எண் இன்னொருவருக்குப் பொருந்தாது. ஒப்பீட்டுப் பட்டியல்கள் ‘கிட்டத்தட்ட’ என்ற அளவில்தான்.

சீருடை ஆர்டர் என்றால் கோனின் அடியில் உள்ள சாய எண்ணைப் பாருங்கள். 30 சட்டைக்கு நடுவில் கோன் தீர்ந்து, அடுத்த கோன் வேறு சாயத் தொகுதியாக வந்தால், வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் ஒரு நீலம், பாதிப்பேர் வேறு நீலம். ஒரே தொகுதியில் ஒரு கோன் கூடுதலாக வாங்கிவைப்பது இதற்குத்தான்.

எந்த நிலையில் எது

சீருடை, துண்டு, பை, குழந்தையின் மார்புத்துணி எதுவானாலும் பாலியஸ்டர் 40, அதில் தமிழ்ப் பெயர் 8 மி.மீ.க்குக் கீழே இருந்தால் பெயருக்கு மட்டும் 60. பட்டு, கிரேப், வெல்வெட், கையலசல் அல்லது டிரை கிளீனிங் என்றால் ரேயான். ஒரே பிளவுஸில் இரண்டையும் கலக்கலாம், தப்பே இல்லை. பின்கழுத்துப் பூ ரேயானில், வியர்வை படும் கை ஓரம் பாலியஸ்டரில். துவைக்கும் முறை யாருக்கும் தெரியாத பரிசுப் பொருளென்றால் பாலியஸ்டர், ஏனென்றால் வாங்கியவர் வீட்டில் எந்தப் பட்டனை அழுத்துவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை.

புதிதாகத் தொடங்குகிறவர் முதல் நாளே நாற்பது நிறம் வாங்க வேண்டியதில்லை. பாலியஸ்டர் 40இல் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, கருநீலம், பொன்மஞ்சள், இலைப்பச்சை, மெரூன், வெளிர் ரோஜா என்று எட்டு, ஒவ்வொன்றும் 1000 மீட்டர். 60 எண்ணில் வெள்ளை, கறுப்பு, கருநீலம் மூன்று. பழம்பொன் ஜரிகை ஒரு சின்னக் கண்டு. ஊசி 75/11 ஒரு பெட்டி, 65/9 ஐந்து, 90/14 இரண்டு. ரேயானை முதல் பட்டு பிளவுஸ் வரும்போது, அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.